பதினொரு அரியதரம்

எங்கள் ஒழுங்கைக்குக் காலையில் ஓட்டோவில் பேக்கரிப் பாண் வருகிறது. சொல் இல்லாத ஒரு மெட்டை டிங் டிங் என்று அடித்துக்கொண்டு அவன் வரும்போது என் மகள் காதைப் பொத்திக்கொள்வாள். நான் வாசல் படலைக்குப் போய் நிற்பேன். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. பல்லும் போய்விட்டது, சீனி வருத்தம் என்று டாக்டர் பாணையும் நிறுத்திவிட்டார். இருந்தாலும் அவன் பின்கதவைத் திறக்கும்போது ஒரு மணம் வரும் பாருங்கள், அதற்காகத்தான் அந்த நடை. "ஆச்சி, ஒண்டு எடுங்களன்" என்பான். "இல்ல மகன், மணத்துக்குத்தான் வந்த" என்பேன். அவனுக்கு நான் ஒரு வேடிக்கை.

அந்த மணம் எனக்கு அப்பாவின் அறை. மட்டக்களப்புப் பட்டணத்தில், புளியந்தீவில், ஒரு பேக்கரிக்குப் பின்னால் சாய்ப்பாக இறக்கிய ஒற்றை அறை அது. அதன் ஒரு பக்கச் சுவர் பேக்கரிப் போறணை அடுப்பின் முதுகு. எந்த நேரம் கை வைத்தாலும் காய்ச்சல்காரர் நெற்றி மாதிரிச் சுடும். மாரி காலத்தில் நானும் தம்பியும் முதுகை அந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இதெல்லாம் இரண்டாம் யுத்தத்துக்கு முந்தின கதை. மட்டக்களப்புக்கு ரயில் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன.

பெண்டாட்டி பிள்ளை உள்ள மனுசன் ஏன் பேக்கரிக்குப் பின்னால் தனியாக இருந்தார் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பான். அம்மா இருந்தவரை அப்பாவும் அப்படித்தான் எங்களோடு இருந்தார். தம்பி பிறந்து ஒரு வருடத்தில் மலேரியாக் காய்ச்சல் அம்மாவைக் கொண்டுபோய்விட்டது. வீட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேரும், அம்மாவின் தங்கை சின்னம்மாவும். சின்னம்மாவுக்குக் கலியாணம் ஆகவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? முப்பத்தோராம் நாள் முடிந்ததும் அப்பா தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோணி ஏறிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் கரைக்கு வந்தால் துறையோடு சரி. படலையை மிதிப்பதில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பா வீட்டுக்கு வரவேண்டும். தம்பிக்கு ஐந்து வயது. அவனுக்கு அப்பா என்றால் மாதத்தில் ஒரு சனியும் ஒரு ஞாயிறும். அதற்கு மேல் ஆசைப்பட அவனுக்குத் தெரியாது. எனக்கு எட்டு. வட்டையில் வயல் வேலை முடித்து வந்து கிணற்றடியில் அவர் கால் கழுவும் சத்தம்கூட எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தச் சத்தம் இல்லாமல் பொழுது பட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சனிக்கிழமைகளில் எங்களைப் பட்டணத்துக்கு ஏற்றிப் போனவர் ஆதம் காக்கா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய தோணியில் தயிர்ச்சட்டிகள் போகும், விறகு போகும், சில நேரம் கோழிகளும் போகும். அவற்றுக்கு நடுவில் நாங்கள். சட்டிகளுக்கு மேலே ஈரச் சாக்குப் போர்த்தியிருக்கும். வெயில் ஏற ஏற அந்தச் சாக்கிலிருந்து ஒரு புளித்த மணம் கிளம்பும். காக்கா பாயை இழுத்துக் கட்டிவிட்டு, பின்னால் உட்கார்ந்துகொண்டு, தனக்குத்தானே ஏதாவது முணுமுணுத்துக்கொண்டு வருவார். வாவி அந்த நேரத்தில் அசையாது. தோணி போகிறதா, கரைதான் எங்களைத் தாண்டிப் போகிறதா என்று எனக்கு எப்போதும் ஒரு மயக்கம்.

அந்தச் சனிக்கிழமை சின்னம்மா என் மடியில் ஒரு ஓலைப்பெட்டியை வைத்தா. மூடியைச் சிவப்பு நூலால் கட்டியிருந்தா. பக்கத்தில் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பக்கத்து ஊரில் பெண்சாதி வீட்டில் இருந்தாலும் எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவர் சொல்லித்தான் நடக்கும்.

"அப்பாட கையிலதான் குடுக்கணும். வழியில திறக்கக்கூடா. விளங்குதா மகள்?" என்றா சின்னம்மா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஓம்" என்றேன். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்தார்கள்.

பெட்டி நெய் மணந்தது. எருமை நெய். அரைவாசி வாவி தாண்டும்வரை நான் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன், அதை நீங்கள் நம்பவேண்டும். தம்பிதான் மூக்கைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, "அக்கா, ஒண்டே ஒண்டு" என்று தொடங்கினான். அப்பாவிடம் கொடுத்தாலும் அப்பா எங்களுக்குத்தானே தருவார், பிறகென்ன என்று என் அறிவு வேலை செய்தது. நூலை அவிழ்த்தேன். வாழை இலையில் சுற்றி, அரிசிமாவில் சீனி போட்டுச் சுட்ட அரியதரம், எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அவற்றுக்குக் கீழே ஒரு கட்டு வெற்றிலை, கொஞ்சம் பாக்கு.

சின்னம்மா அதற்கு முன்னும் அரியதரம் சுட்டிருக்கிறா. அன்றைக்கு மாதிரி ஒருநாளும் சுட்டதில்லை. வெளியே மொறுமொறுவென்று, உள்ளே கையால் அமுக்கினால் நெய் கசியும். தம்பி ஐந்து தின்றான். நான் நான்கு. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் ஆதம் காக்கா எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மனுசனை வைத்துக்கொண்டு தின்பது பாவம் என்று மிஞ்சிய இரண்டையும் அவரிடம் நீட்டினேன்.

"சின்னம்மா சுட்டதா? சோக்கா இருக்கு மகள்" என்று விரலையும் நக்கினார் காக்கா.

வெற்றிலை எங்களுக்கு எதற்கு? தம்பி ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் விட்டான். பச்சைப் பச்சையாக, காம்பு பின்னால் இழுபட, வரிசையாக எங்களுக்குப் பின்னால் மிதந்து வந்தன. பாக்கைக் கொக்குகளுக்கு எறிந்தான். அந்த வெற்றிலை வரிசை இன்றைக்கும் என் கண்ணை மூடினால் வரும். அவ்வளவு வடிவான ஒரு காட்சியை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்க்கவில்லை.

புளியந்தீவுத் துறையில் அப்பா வெள்ளைச் சட்டையோடு நின்றார். அவரைக் கண்டதும்தான் பெட்டியை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"என்ன மகள், கையில பெட்டி?"

"சும்மா பெட்டி. வாறக்குள்ள சாமான் போட்டு அனுப்பட்டாம், சின்னம்மா சொன்ன." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த என் முதல் முயற்சி அது. அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். தம்பியின் கன்னத்தில் ஒட்டியிருந்த மாவைப் பெருவிரலால் துடைத்துவிட்டார்.

பிறகு பட்டணம்தான். பின்னேரம் ரயில் பார்க்கப் போனோம். அது மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது தம்பி அப்பாவின் தோளில் இருந்துகொண்டு, "இதுக்குத் துடுப்பு எங்க?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற தொப்பிக்காரர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. "உள்ளுக்க இருக்கு மகன், நெருப்புத்தான் துடுப்பு" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. இப்போதும் பிடித்திருக்கிறது. அங்கிருந்து கல்லடிப் பாலத்துக்கு நடந்தோம். பாலத்தின் இரும்பில் காதை வைத்தால் வண்டி வருவது முன்கூட்டியே கேட்கும். நாங்கள் மூன்று பேரும் வரிசையாகக் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

வழியில் ஒவ்வொரு கடையாக அப்பா நின்று நின்று பார்த்தார். சின்னம்மாவின் பெட்டிக்கு என்ன போடுவது என்பதுதான் அவருக்கு வில்லங்கம். "வாசச் சவுக்காரம் போடுவமா மகள்? சீ, அது சரியில்ல." "சீத்தைத்துணி ஒரு முழம்? ஊர் கதைக்கும்." கடைசியில் ஒன்றும் வாங்கவில்லை. என் பொய் அந்த மனுசனை எவ்வளவு அலைக்கழித்தது பாருங்கள்.

ஞாயிறு காலையில் என் தலையைப் பின்னிவிட்டார். கயிறு இழுத்துக் காய்த்த கை அது. பின்னி முடித்தபோது என் புருவம் இரண்டும் மேலே ஏறி நின்றன. அன்று முழுவதும் எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படுகிற பிள்ளை மாதிரி இருந்தேன் நான். கயிறு என்றது எதனால் என்றால், அவருடைய வேலை அது. எங்கள் பள்ளிக்கூடத்தில் நான், "எங்கட அப்பா அரசாங்கக் கந்தோரில துரைக்குப் பக்கத்தில இருந்து வேல" என்று அளந்து வைத்திருந்தேன். பொய் இல்லை. துரை இந்தப் பக்கம், அப்பா அந்தப் பக்கம், நடுவில் ஒரு சுவர். அப்பா விறாந்தையில் உட்கார்ந்து பங்காக் கயிற்றை இழுப்பார். கயிறு சுவரில் ஒரு ஓட்டை வழியாக உள்ளே போகும். உள்ளே கூரையில் தொங்கும் பெரிய துணி ஆடி, துரைக்குக் காற்று வரும்.

அன்றைக்குக் காவற்காரர் பின்கதவால் எங்களை உள்ளே விட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கந்தோர். மேசைகளில் ஒருவரும் இல்லை. மையும் பழைய கடதாசியும் மணந்தன. எங்கோ கோயில் மணி அடித்து ஓய்ந்தது. "படுங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு அப்பா விறாந்தைக்குப் போய்விட்டார். நானும் தம்பியும் துரையின் மேசைக்கு முன்னால் குளிர்ந்த சீமெந்தில் மல்லாந்து படுத்தோம்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பெரிய வெள்ளைத் துணி மெல்ல அசைந்தது. முகத்தில் ஒரு காற்று. போய்த் திரும்பி வந்தது. அப்பாவைக் காணவில்லை, கயிறு ஓட்டைக்குள் போவதும் வருவதும்தான் தெரிந்தது. அந்தக் காற்று அப்பாதான் என்று எனக்குத் தோன்றியது. துரைமாருக்கு இழுத்தபோதெல்லாம் அவர் இவ்வளவு மெதுவாக இழுத்திருக்கமாட்டார். தம்பி தூங்கிப்போனான். நான் பாதித் தூக்கத்தில் ஓட்டையைப் பார்த்துக் கேட்டேன்.

"அப்பா, நீங்க ஏன் வீட்டுக்கு வாறல்ல?"

கயிறு நின்றது. திரும்பவும் ஓடியது. ஓட்டை வழியாகக் குரல் மட்டும் வந்தது.

"கூப்பிட்டா வருவன் மகள். கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வாற?"

"நான் கூப்பிடுறன். வாங்க."

"நீ கூப்பிட்டாக் காணாது" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. காற்று போய் வந்தது. நான் தூங்கிவிட்டேன்.

தோணிக்கு நேரமாகிவிட்டது என்று அறைக்கு ஓடிவந்தோம். அலுமாரிக்கு மேலே காலையில் வாங்கிய ஒரு பாண் இருந்தது. எங்கள் ஊரில் அப்போது பாண் கிடையாது. அதையே போட்டு அனுப்புவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். பெட்டியை ஜன்னலடியில் வைத்து மூடியைத் திறந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். "அப்பா, சுணங்குது" என்றேன். ஆறிய பாணைத் திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டுப் பேக்கரிப் பக்கம் போனார். பின்னேரப் பாண் போறணையிலிருந்து இறங்கும்வரை அங்கேயே காத்து நின்று, ஆவி பறக்க ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தார். மூடி மூடவில்லை. சிவப்பு நூலால் குறுக்கே ஒரு கட்டு.

துறைக்கு நடக்கும்போது அவர் கன்னத்தில் எதையோ அடக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தராமல் தனியாக என்னவோ தின்கிறாரே என்று எனக்கு ஒரே கோபம். என் நியாயத்தைப் பாருங்கள்.

எங்கள் துறையில் மாமா காத்துக்கொண்டு நின்றார். பெட்டியை என்னிடமிருந்து பறித்தார் என்றே சொல்லவேண்டும். நூலை அவிழ்த்து, பாணைத் தூக்கி, அடியில் கையை விட்டுத் துழாவினார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. மாமா வீட்டைப் பார்த்துக் கத்தினார்:

"தங்கச்சி! அரியதரம் எடுத்திட்டார். வெத்திலயும் எடுத்திட்டார். சுடச்சுடப் பாண் அனுப்பியிருக்கார். இனி என்ன!"

எங்கள் பக்கம் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். பெரியவர்கள் போய்க் கேட்டு, அவர் மாட்டேன் என்றால் சின்னம்மாவுக்குத் தலைகுனிவு. அதனால் மாமா பிள்ளைகள் கையில் பெட்டியைக் கொடுத்துவிட்டிருக்கிறார். விருப்பமில்லை என்றால் வைத்தது வைத்தபடி பெட்டி திரும்பிவரும். பலகாரத்தையும் வெற்றிலையையும் எடுத்துக்கொண்டு ஏதாவது வைத்து அனுப்பினால் ஓம் என்று அர்த்தம். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நாங்கள் தின்று தீர்த்தது அப்பாவுக்குப் போன அழைப்பை.

சொல்லிவிடத்தான் போனேன். சின்னம்மா அடுப்படியில் பாணைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தா. எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத் தன் துண்டைத் தின்னாமல் உறியில் வைத்தா. வைத்துவிட்டு, தாலாட்டா என்னவோ, மெல்ல முனகினா. அம்மா போனபிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். பயத்தால் மட்டும் மூடவில்லை. சொன்னால் அப்பா வரமாட்டார். சொல்லாவிட்டால் வருவார். எட்டு வயதில் அந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை, கலியாணம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, பிள்ளைகளைப் பார்க்க வரட்டாம் என்று ஆதம் காக்காவிடம் சொல்லி அனுப்பினார்கள். தோணி கரை தட்டியதும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து குரவை போட்டார்கள். படலையில் வாழை கட்டியிருந்தது. அப்பா ஒரு காலைக் கரையிலும் ஒரு காலைத் தோணியிலும் வைத்தபடி நின்றுவிட்டார். நான் மண்ணைப் பார்த்தேன். மாப்பிள்ளைக்குக் கால் கழுவ ஒரு சின்ன ஆண்பிள்ளை வேண்டும். செம்போடு ஓடியது தம்பி. தகப்பனின் கலியாணத்துக்குத் தகப்பனின் காலைக் கழுவிய பிள்ளை எங்கள் ஊரில் அவன் ஒருவன்தான். ஆதம் காக்கா மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மகள், அண்டைக்கு நாம திண்டது... இதையா?"

"ஓம் காக்கா."

"யா அல்லாஹ்!" என்று தலையில் கை வைத்தார். சாகும்வரை அவர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் என்னைக் காணும்போதெல்லாம் விரலை நக்கிக் காட்டுவார்.

அப்பா இருபத்தாறு வருடம் அந்த வீட்டில் இருந்தார். எனக்கு இரண்டு தங்கச்சிமார் பிறந்தார்கள். கிணற்றடியில் கால் கழுவும் சத்தம் திரும்பி வந்தது. நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்தது. ஆனாலும் பின்னேரங்களில் அவர் துறையில் தனியாக உட்கார்ந்து புளியந்தீவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போதெல்லாம் எனக்குத் தின்ற அரியதரம் தொண்டையில் வந்து நிற்கும். கேட்காத மனுசனைப் பிடித்துக் கொண்டுவந்து கட்டி வைத்தோமே, குரவை போட்டபிறகு அவர் எப்படித் திரும்பிப் போவார், என் நாக்கு ருசிக்கு ஒரு மனுசனின் வாழ்க்கையா என்று வருடக்கணக்காக மருகினேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

சின்னம்மா அப்பாவுக்கு முந்திப் போய்ச் சேர்ந்தா. அதற்கு அடுத்த மாரியில் அப்பா படுக்கையில் விழுந்தார். ஒருநாள் மத்தியானம் விசிறிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே கேட்டார்.

"அந்தப் பெட்டியில எத்தின அரியதரம் இருந்த மகள்?"

விசிறி நின்றுவிட்டது. "பதினொண்டு" என்றேன். பிறகு, "உங்களுக்குத் தெரியுமா அப்பா?"

"பெட்டி நெய் மணந்த. அடியில ஒரு பாக்குக் கிடந்த. பாக்கு ஏன் வரும் எண்டு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா பாண் வெச்சீங்க?"

"தெரியாமலா சுடுபாணுக்கு அவ்வளவு நேரம் நிண்ட? அந்தப் பாக்க நான் வாயில போட்டுட்டன். கூப்பிட்டா வருவன் எண்டு சொன்னன்தானே."

நான் அழுதேன். இருபத்தாறு வருடத்து அழுகை, சும்மா விடுமா? அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "சோக்கா இருந்ததா?" என்றார்.

"சோக்கா இருந்த அப்பா."

"எனக்கு ஒண்டு வெச்சிருக்கலாம் மகள்" என்றார்.

அந்தத் துறை இப்போது இல்லை. ஊருக்கு றோட்டு வந்ததும் தோணிகள் நின்றன. ஆதம் காக்காவின் தோணி கரையில் கவிழ்ந்து கிடந்து, ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. பேக்கரி இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். அந்தச் சுவர் இருந்த பக்கத்தில் ஒருநாள் கை வைத்துப் பார்த்தேன். குளிரூட்டி போட்டுச் சில்லென்று வைத்திருக்கிறார்கள். கந்தோர்களில் மின்விசிறி சுற்றுகிறது. ஓட்டை வழியாக ஒருவர் குரலும் வராது. கலியாணங்களில் குரவை போடத் தெரிந்தவர்கள் எங்கள் ஒழுங்கையில் மூன்று பேர், அதில் நான் ஒருத்தி, எனக்கும் மூச்சுப் போதாது. தம்பியும் போன வருடம் போய்விட்டான். ஐந்து தின்றவன்.

பாண் ஓட்டோக்காரன் இப்போது அரியதரமும் கொண்டு வருகிறான், பிளாஸ்டிக் பையில் கட்டி. நெய் இல்லை, என்ன எண்ணெயோ. எனக்குத் தின்னவும் கூடாது. பிள்ளைகளுக்கென்று வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் சின்னத் தட்டில் எடுத்து ஜன்னலடியில் வைக்கிறேன். பொழுது படுவதற்குள் எறும்பு வந்துவிடுகிறது.